ஈரம் காயாத சாரம்

பிரிக்பீல்ட்ஸில் அந்த மாதம் துவைத்த துணி எதுவும் ஒரே நாளில் காய்ந்ததில்லை. காலையில் வெயில் வந்து ஆசை காட்டும். நம்பிக் கொடியில் போட்டுவிட்டுத் திரும்பினால், மத்தியானத்துக்குள் கிள்ளான் பக்கத்திலிருந்து வானம் கறுத்துக்கொண்டு வந்துவிடும். முந்தின வருஷத்து வெள்ளத்தில் ஆற்றுத் தண்ணீர் ரயில் பாதை வரைக்கும் ஏறியதைப் பார்த்த ஜனங்கள், நாலு தூறல் விழுந்தாலே கரைக்கு ஓடிப்போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தார்கள். பார்த்து ஆற்றை நிறுத்திவிடப் போவதில்லை. இருந்தாலும் பார்த்தார்கள்.

புஷ்பவல்லிக்கு மழையென்றால் எரிச்சல். அவள் பிழைப்பே ஈரத் துணியில் இருந்தது. புருஷன் பக்கிரிசாமி கொத்தனார். வெள்ளம் அடித்துக்கொண்டு போன ஓடைப் பாலத்தைத் திரும்பக் கட்டுகிற காண்ட்ராக்ட் கம்பெனியில் மேஸ்திரியாக இருந்தான். அதே கம்பெனியில் கணக்கு எழுதுகிற கிராணியார் சிவகுருநாதன் வீட்டில் அவள் துணி துவைத்து, முற்றம் கூட்டி, பாத்திரம் தேய்த்துக் கொடுத்தாள். இரண்டு பேரும் உழைத்ததில் கம்பெனி ஆட்கள் தங்குகிற கொங்சியில் ஓர் அறையும், தினம் அடுப்பில் சோறும், என்றைக்காவது கருவாட்டுக் குழம்பும் இருந்தன.

கிராணியார் வீட்டில் அவள் முதலில் கற்றுக்கொண்டது பேச்சு. அவர்கள் பேசியதும் தமிழ்தான், ஆனால் யாழ்ப்பாணத்துத் தமிழ். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் கிராணியார் சம்சாரம் குணேஸ்வரி, "புஷ்பம், இவரின்ரை சாரத்தை எடுத்துக் கொடியிலை போடு பிள்ளை" என்றாள். புஷ்பவல்லி பின்வாசலுக்குப் போய் வேலியோரமெல்லாம் தேடினாள். அவள் அறிந்த சாரம், கட்டடத்தில் ஆள் ஏறி நிற்கவும் பளு தாங்கவும் கட்டுகிற கழிக்கட்டு. கொத்தனார் பெண்டாட்டிக்கு வேறு எந்தச் சாரம் தெரியும்? வெறுங்கையோடு திரும்பி வந்து, "மூங்கில் ஒண்ணும் அங்க இல்லைங்களே அம்மா" என்றாள். குணேஸ்வரி அம்மா சிரித்த சிரிப்பில் கையிலிருந்த அரிசி புடைக்கிற சுளகு கீழே விழுந்தது. பிறகு அவளே நாற்காலி முதுகில் கிடந்த பச்சைக் கட்டம் போட்ட துணியை எடுத்து நீட்டினாள்.

அட, கைலி. மன்னார்குடிப் பக்கத்தில் அதற்குக் கைலி என்று பெயர். பாசாரில் துணி விற்கிற மலாய்க்காரர் அதையே சாரோங் என்பார். இந்த வீட்டில் அது சாரம். நாலு முழத் துணியை இரண்டு முனை சேர்த்து மூட்டிய சங்கதிக்கு ஊருக்கு ஒரு பெயர். இதைப் புருஷனிடம் சொல்லிச் சிரிக்க வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே வந்தாள். வந்து பார்த்தால் பக்கிரிசாமி கண்ணில் சுண்ணாம்பு தெறித்து, விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படுத்துக் கிடந்தான். சிரிப்பு அப்படியே அடங்கிவிட்டது. அதற்கப்புறம் அந்தச் சொல் அவளுக்குப் பழகிப்போயிற்று. கிராணியார் வீட்டுச் சாரம் அந்த வீட்டோடு நின்றது, தன் வீட்டுச் சாரம் தன் வீட்டோடு. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க அவளுக்கு ஒரு தேவையும் வரவில்லை.

பக்கிரிசாமிக்கு ஒரு பழக்கம் உண்டு. நின்று பேச ஆரம்பித்தால் கைலி முடிச்சை அவிழ்ப்பான், விரித்து உதறுவான், திரும்ப இறுக்கிக் கட்டுவான். பேச்சு முடிவதற்குள் இரண்டு தடவையாவது இது நடக்கும். "நடு ரோட்டுல நின்னு என்னா கடைய விரிக்கிறீங்க" என்று அவள் கேலி செய்வாள். உயரமான ஆள், இடுப்பே இல்லாத உடம்பு. எந்தக் கைலியும் அவனிடம் நிற்காது.

அன்று சாயங்காலம் அவன் வந்த விதமே சரியில்லை. கால் கழுவவில்லை. கோப்பி கேட்கவில்லை. கூடவே நாகையாவும் வந்தான். நாகையா அவனுடைய கையாள்; கல் எடுத்துக் கொடுப்பதிலிருந்து கழி கட்டுவது வரைக்கும் அவன்தான். யார் பேசினாலும் அதே குரலில் பேசிக் காட்டி கொங்சி முழுவதையும் சிரிக்க வைக்கிறவன், அன்று சுவரோரம் குந்திக்கொண்டு தரையைப் பார்த்தான்.

"நாளைக்குப் பெரிய தொர வர்றாராம். சாரத்தக் கழட்டச் சொல்லிட்டாரு கிராணி" என்றான் பக்கிரிசாமி.

"எந்தச் சாரத்த?"

"எந்தச் சாரம்? கமானுக்கு அடியில நிக்கிறதுதான். வேற எது இருக்கு?"

புஷ்பவல்லி மரவள்ளிக்கிழங்கு தோலை உரித்துக்கொண்டிருந்தாள். கத்தி நின்றது. ஓடையின் குறுக்கே செங்கல்லால் வளைத்துக் கட்டியிருந்த கமானைப் பற்றி அவளுக்குத் தெரியாதது இல்லை. கிள்ளானிலிருந்து வந்த பாக்காவ் மரக் கழிகளை ஓடைக்குள் நட்டு, குறுக்கே கட்டி, மேலே பலகையை வளைத்துப் போட்டு, அதன்மேல்தான் கல் அடுக்கியிருந்தார்கள். சுண்ணாம்பு இறுகும்வரை மொத்தப் பளுவும் அந்தச் சாரத்தின் தலையில். ஓயாத மழையில் சுண்ணாம்பு இறுகவே இல்லை. கல் சந்துகளிலிருந்து வெள்ளைத் தண்ணீர் சொட்டுகிறது என்று முந்தின நாள்தான் சொல்லியிருந்தான். இப்போதும் அவன் தோளில் அந்த வெள்ளைச் சொட்டுக் காய்ந்து, தோலைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"ஈரமாத்தான இருக்கு? நீங்க சொல்லலியா?"

"சொல்லாம இருப்பனா? இவனக் கேளு."

நாகையா தலையைத் தூக்கினான். வழக்கம்போல அவனுக்குக் குரல் தானாகவே வந்துவிட்டது. மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிடுகிற கையும் சேர்ந்து வந்தது. ஆனால் யாரும் சிரிக்கவில்லை.

"'நாளைக்கு விடியப் பெரிய துரை வாறார். அவர் வரேக்கை ஒரு சாரமும் கண்ணிலை படப்படாது. எல்லாத்தையும் கழட்டிப்போட வேணும்.' இப்புடித்தான் சொன்னாரு அக்கா. அண்ணன் கேட்டுச்சு, இன்னும் ஈரம் காயலிங்களே ஐயான்னு. 'ஈரமெண்டாலும் பரவாயில்லை'ங்கிறாரு. இப்பக் கழட்டுனா விழுந்துருங்கன்னு சொல்லிச்சு. அதுக்குச் சிரிக்கிறாரு. 'கழட்டினால் விழத்தான் செய்யும் காணும்'னுட்டு, சைக்கிள்ல ஏறிப் போயிட்டாரு."

"சிரிச்சாரா?"

"சிரிச்சாரு லா. நான் பக்கத்துல நின்னுதான பாத்தேன்."

புஷ்பவல்லி கத்தியைக் கீழே வைத்தாள். அந்த மனிதரை அவளுக்குத் தெரியும். அவள் மழையில் நனைந்து போய் நின்ற ஒரு நாள், உள்ளே பார்த்து, "பிள்ளைக்குச் சூடாக் கோப்பி குடும்" என்று குரல் கொடுத்தவர். ஓவர்சியர் குளிர்காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டதால் வேலைத்தலமும் அவர் தலையில் விழுந்திருந்தது. கல்லும் சுண்ணாம்பும் அவருக்குப் பழக்கமில்லை, அது சரி. அதற்காக, விழும் என்று சொன்ன பிறகும் சிரிப்பாரா? வெள்ளைக்காரன் வருகிறான் என்றால் ஒரு மனிதன் இந்த அளவுக்கு மாறிவிடுவானா?

அவர் அப்போது எதை நினைத்துச் சிரித்தார் என்று அந்த அறையில் இருந்த மூன்று பேருக்கும் தெரியாது. அந்த வாரம்தான் சுண்ணாம்பு அரைக்கிற இயந்திரத்தின் பட்டையில் ஒருவன் கைலி சிக்கி, துணியை விட்டுவிட்டுக் கோவணத்தோடு தப்பியிருந்தான். சேதி துரை காதுவரை போய்விட்டது. வேலைக்குப் போட்டுக்கொள்ளக் கம்பெனி கொடுத்திருந்த காக்கிக் கால்சட்டைகளை, பத்துமலைத் தைப்பூசத்துக்கு ஆகட்டும் என்று ஆளாளுக்குப் பெட்டியில் மடித்து வைத்திருந்தார்கள். கிராணியார் பேசியது கைலிக்குப் பதில் அதைப் போட்டுக்கொண்டு வருவதைப் பற்றி. கால்சட்டை ஈரம் காயவில்லை என்று இவன் சாக்குச் சொல்வதாக அவர் நினைத்தார். கழட்டினால் விழுந்துவிடும் என்றதை இவனுடைய குறும்பு என்று எடுத்துக்கொண்டு, தானும் ஒரு குறும்பு பேசிவிட்டுப் போனார். பக்கத்தில் அந்த இயந்திரம் கடகடவென்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் ஒரே சொல்லைத்தான் சொன்னார்கள். எதைச் சொல்கிறாய் என்று இருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

"மாட்டேன்னு சொல்லிருங்க" என்றாள் புஷ்பவல்லி.

"சொல்லிட்டு? இந்த மழையில பாயச் சுருட்டிக்கிட்டு எங்க போறது?" பக்கிரிசாமி எழுந்து நின்று கைலியை உதறிக் கட்டினான். "நான் மாட்டேன்னா வேற ஆள விட்டுக் கழட்டுவாங்க புள்ள. எந்தக் கழிய மொத எடுக்கணும்னு அவனுங்களுக்குத் தெரியாது. நாலு பேரு உள்ள போயிருவான். நான்னா பாத்துப் பாத்து எடுப்பேன். ஒரு கழிய அசச்சுட்டு, கல்லு சத்தம் போடுதான்னு கேட்டுட்டு, அப்புறம் அடுத்தது. கமான் நின்னாலும் நிக்கும்."

நிற்கும் என்று அவன் சொல்லவில்லை. நின்றாலும் நிற்கும் என்றான். அவள் அதைக் கவனித்தாள்.

"நான் வேணா காலையில அந்த அம்மாகிட்ட ஒரு வார்த்த சொல்லிப் பாக்கட்டுமா?"

"எம் பொழப்புக்கு நீ போயிக் கைகட்டி நிக்க வேணாம். சோத்தப் போடு."

சோறு போட்டாள். நெத்திலிக் கருவாடும் கிழங்குக் குழம்பும். நாகையா இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவினான். வெளியே மழை பிடித்துக்கொண்டது.  ஆற்றுச் சத்தம் கொங்சிக்குள் கேட்டது. புஷ்பவல்லி மனசுக்குள் முடிவு செய்துவிட்டாள். விடிந்ததும் முதல் வேலை குணேஸ்வரி அம்மாவின் காலைப் பிடிப்பது. புருஷன் கோபித்தால் கோபிக்கட்டும், கோபிக்க ஆள் இருக்க வேண்டும்.

காலையில் மழை வெறித்திருந்தது. கொடியில் கிடந்த கைலி பிழிந்தால் சொட்டும்போல இருந்தது. பக்கிரிசாமி அதையே எடுத்துக் கட்டிக்கொண்டான். பெட்டியில் காக்கிக் கால்சட்டை காய்ந்து, மடிப்புக் கலையாமல் இருந்தது. அதை எடுத்துப் போட்டுக்கொள்ள அவனுக்கும் தோன்றவில்லை, எடுத்துக்கொடுக்க அவளுக்கும் தோன்றவில்லை. "வரேன்" என்றான். வாசலில் நின்று இடுப்பில் ஒரு தடவை இறுக்கிக்கொண்டு போனான்.

அவள் போய்ச் சேர்ந்தபோது கிராணியார் வீட்டில் இல்லை. துரையை ஸ்டேஷனில் எதிர்கொள்ள அப்போதே புறப்பட்டுவிட்டாராம். குணேஸ்வரி அம்மா குளித்துவிட்டுச் சாமி அறைக்குள் இருந்தாள். உள்ளே மணிச் சத்தம் கேட்டது. பூசை செய்கிறவளைக் கூப்பிடக் கூடாது. புஷ்பவல்லி கிணற்றடியில் துணிகளை நனைத்தாள். கை துவைத்தது, காது சாமி அறையிலேயே இருந்தது. பச்சைக் கட்டம் போட்ட துணிக்குச் சவர்க்காரம் போட்டாள். அலசினாள். முறுக்கினாள். இப்போது முதல் கழியில் கை வைத்திருப்பானா என்று நினைத்துக்கொண்டாள். திரும்பவும் அதையே அலசினாள்.

குணேஸ்வரி அம்மா ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டு கிணற்றடிக்கு வந்தாள்.

"அம்மா, ஐயாகிட்ட நீங்க ஒரு வார்த்த…" என்று புஷ்பவல்லி ஆரம்பித்தாள். அதற்குள் அம்மா அவள் கையிலிருந்ததைப் பார்த்துச் சிரித்தபடி சொல்லிவிட்டாள்.

"இண்டைக்குச் சாரமெண்ட சொல்லைக் கேட்டாலே எனக்குச் சிரிப்பு வருது பிள்ளை. துரை வாறாரெண்டு இவர் நேற்று வேலைக்காரர் எல்லாரையும் சாரத்தைக் கழட்டிப்போட்டுக் கால்சட்டையோடை வரச் சொன்னவராம். உன்ரை மனுசன் ஈரம் காயேல்லை எண்டு சாட்டுச் சொன்னவராம். அவிட்டால் விழுந்திடும் எண்டும் பகிடி விட்டவராம்."

புஷ்பவல்லி கையிலிருந்த துணியைப் பார்த்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். முதல் நாள் வேலியோரம் மூங்கில் தேடியது ஞாபகம் வந்தது. அன்றைக்குச் சொல்லாமல் விட்ட சிரிப்பும் ஞாபகம் வந்தது. அதற்குமேல் அவளுக்கு நினைக்க நேரமில்லை. அம்மா பின்னாலிருந்து கூப்பிடக் கூப்பிட, பிழிந்த துணியைக் கையில் பிடித்தபடியே ஓடினாள்.

ரயில் பாதையோரமாக ஓடினாள். சரளைக்கல் காலைக் கிழித்தது. செங்கல் ஏற்றிய மாட்டுவண்டிக்காரன் ஒருவன் என்ன என்று கேட்டான். அவள் நிற்கவில்லை. வாயில் ஒரே ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு ஓடினாள். சாரம் என்று அவர் சொன்னது கைலியை. சாரம் என்று அவர் சொன்னது கைலியை. இதை மட்டும் போய்ச் சொல்லிவிட்டால் போதும். அவன் திட்டுவான், பிறகு சிரிப்பான், கழியைத் திரும்ப இறுக்கிக் கட்டுவான்.

ஓடை செந்தண்ணீராக நிறைந்து போய்க்கொண்டிருந்தது. அக்கரையில் கழிகள் கொஞ்சம் கழட்டி அடுக்கப்பட்டிருந்தன. ஆட்களைக் கரையில் ஒதுங்கி நிற்கச் சொல்லிவிட்டு, பக்கிரிசாமி மட்டும் கமானுக்கு அடியில் முழங்கால் தண்ணீரில் நின்றான். ஒரு கழியைக் கட்டவிழ்த்துத் தோள் கொடுத்துத் தாங்கியபடி, தலையைச் சாய்த்து மேலே கல்லின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தான். துரை வந்தால் வேலை நடப்பது தெரிய வேண்டும் என்று அந்தச் சுண்ணாம்பு இயந்திரத்தையும் ஓட விட்டிருந்தார்கள்.

"சாரம் இல்லீங்க! கைலி! கைலியத்தான் சொன்னாரு!"

இயந்திரத்தின் இரைச்சலில் பாதி போயிற்று. அவன் திரும்பிப் பார்த்தான். இக்கரையில் பெண்டாட்டி நிற்கிறாள். கையில் ஒரு கைலியைப் பிடித்து ஆட்டுகிறாள். வாய் என்னமோ கத்துகிறது.

"கைலி! உங்க கைலி!"

இது கேட்டது. கரையில் நின்ற ஆட்களும் திரும்பினார்கள், யாரோ சிரித்தார்கள். பக்கிரிசாமி குனிந்து தன் இடுப்பைப் பார்த்தான். ஈரக் கைலி பளு தாங்காமல் ஒரு பக்கம் இறங்கித்தான் இருந்தது. ஊர் பார்க்க இப்படியா என்று அவனுக்கு வெட்கமாகப் போயிருக்க வேண்டும். அவளைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தான். தோளைக் கழியிலிருந்து எடுத்தான். இரண்டு கையாலும் முடிச்சை அவிழ்த்து, உதறி, இறுக்கிக் கட்டத் தொடங்கினான்.

கமான் பெரிய சத்தம் போடவில்லை. உள்ளே தள்ளிக்கொண்டு, நடுவில் அமர்ந்து, அப்படியே இறங்கியது. சுண்ணாம்பு கரைந்து ஓடைத் தண்ணீர் கொஞ்ச தூரம் வெள்ளையாகப் போயிற்று.

நாகையாதான் முதலில் குதித்தான். பிறகு எல்லோரும் குதித்தார்கள். யாரோ ஓடிப்போய் இயந்திரத்தை நிறுத்தினார்கள். கல்லை விலக்கி, ஒரு சாரப் பலகையிலேயே அவனைக் கிடத்திக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். முகத்தில் ஒரு காயமும் இல்லை. கைலி முடிச்சு பாதியில் நின்றிருந்தது. புஷ்பவல்லி அதை இழுத்து ஒழுங்காகச் செருகிவிட்டாள். அவள் அழவில்லை. கிராணியார் சொன்ன சொல் சாரத்தைக் கழட்டியது. தான் சொன்ன சொல் கழியைத் தாங்கிய தோளை எடுக்க வைத்தது. அது அவளுக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. அன்றும் யாரிடமும் அதைச் சொல்லவில்லை, பிறகு எந்த நாளும் சொல்லவில்லை.

துரையின் மோட்டார் வந்து நின்றது. துரை பக்கத்திலிருந்து கிராணியார் இறங்கினார். ஓடையைப் பார்த்தார். அடுக்கியிருந்த கழிகளைப் பார்த்தார். அவர் முகம் செத்துப்போயிற்று.

"ஆர்… ஆர் இதைக் கழட்டச் சொன்னது?"

நாகையா அவரெதிரில் வந்து நின்றான். உடம்பெல்லாம் சுண்ணாம்பும் சேறுமாக இருந்தது. அவன் யார் குரலிலும் பேசவில்லை.

"நீங்கதாங்க ஐயா. சாரத்தக் கழட்டச் சொன்னீங்க."

கிராணியார் எதையோ மறுத்துச் சொல்ல வாயெடுத்தார். அப்போது அவர் கண் நாகையாவின் இடுப்பில் விழுந்தது. அங்கே கைலி இருந்தது. பக்கத்தில் நின்றவன் இடுப்பைப் பார்த்தார். அவனும் கைலி. ஒவ்வொருவன் இடுப்பாகப் பார்த்துக்கொண்டே வந்தார். கரையில் நின்ற அத்தனை பேரும் கைலி கட்டியிருந்தார்கள். கடைசியாகப் பலகையில் கிடந்தவனிடம் வந்ததும் மோட்டார் கதவைப் பிடித்துக்கொண்டார். துரை இங்கிலீஷில் என்னமோ கேட்டார், மறுபடியும் கேட்டார். கிராணியாருக்கு அந்த ஒரு சொல்லை எந்தப் பாஷையில் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

புஷ்பவல்லி கையில் இன்னும் அந்தத் துணி இருந்தது. உதறி விரித்தாள். பச்சைக் கட்டம். கிராணியாருக்கு அது யாருடையது என்று தெரிந்தது. அதைப் பக்கிரிசாமியின் முகத்திலிருந்து கீழே இழுத்துப் போர்த்தினாள். உயரமான ஆள், கால் மூடவில்லை.

"ஈரமா இருக்கே அக்கா" என்றான் நாகையா. "யாருகிட்டயாச்சும் காஞ்ச துணி வாங்கிட்டு வரேன்."

அவள் தலையைத் தூக்கிக் கிராணியாரைப் பார்த்தாள்.

"ஈரமா இருந்தாலும் பரவாயில்ல" என்றாள்.